தீபாவளி கழிந்துதான் வருவேன்

போன வாரம் பழைய நூல் சேலை ஒன்றை அடுப்படித் துணிக்காகக் கிழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், தோளில் வருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளிக் கறை. இத்தனை வருடத்தில் எத்தனை முறை ஊறப்போட்டுத் துவைத்திருப்பேன், போகவே இல்லை. விரலால் தேய்த்து மோந்து பார்த்தேன். வாசனை ஒன்றும் கிடையாது. ஆனால் என் மூக்குக்கு அதெல்லாம் தெரிகிறதா? மைதாப் பசை, வாடின மல்லிகை, கந்தகம் என்று ஒரு பஸ்ஸின் வாசனை முழுக்க அடுப்படிக்குள் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். சென்னையில் அவளுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்து போக ஒரு மணி ஐம்பது நிமிடம், வரவும் அதே அளவு என்று செல்போனில் காட்டுகிறதாம். "இது தேறுமாம்மா? நீதான் அந்தக் காலத்துல டெய்லி போயிட்டு வந்தியே" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வாய் வராததை உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் அவளிடம் போய் ஒப்பிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில்.

அப்போது நான் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாழ்க்கைப்பட்ட ஊர் மல்லாங்கிணறு. வீட்டுக்காரர் அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார், அதனால் வீட்டை மாற்ற வழியில்லை. காலை ஐந்தே காலுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து விருதுநகர் வருவேன். அங்கிருந்து ஒரு வெடிக் கம்பெனியின் பஸ். கம்பெனி ஆட்களுக்குக் காய்ச்சல் என்றாலும் கை சுட்டாலும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள், அந்த உறவில் எனக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள். டிரைவர் சவரிமுத்து அண்ணன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "சிஸ்டர், இந்தப் பஸ்ஸு யாருக்காகவும் ஒரு நிமிசம் நிக்காது. பின்னால வருத்தப்படாதீக."

முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். புது வேலையாயிற்றே என்று பளபளவென்று ஒரு நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு ஏறினேன். பஸ்ஸில் ஐம்பது பெண்கள், அத்தனை பேரும் நூல் சேலை. என்னைப் பார்த்ததும் நாலு சீட் பெண்கள் அப்படியே நகர்ந்துவிட்டார்கள். என் சேலையின் அழகில் மயங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வெடிமருந்தோடு புழங்குகிறவர்களுக்கு அந்தத் துணியைக் கண்டால் நெருப்பைக் கண்டமாதிரி என்பது எனக்கு எங்கே தெரியும்? உரசினால் பொறி வரும் என்று பயம். ஒருத்தி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பஸ்ஸுக்குள்ள ஒண்ணும் ஆகாது சிஸ்டர். நாளைக்கு நூல் சேலை கட்டிட்டு வாங்க" என்றாள். அவள்தான் செல்வராணி.

முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகத்துக்கு, காகிதக் குழாய்க்குள் மணிமருந்தை, கலர் கொடுக்கிற கறுப்பு உருண்டைகளை, அடைத்து ஒட்டுகிற ரூமில் அவளுக்கு வேலை. ஒன்பது வருடமாக அதே வேலை. காலையில் கலகலவென்று பேசிக்கொண்டு வருவாள். சாயங்காலம் பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் அவள் தலை என் இடது தோளில் சாய்ந்துவிடும். கூந்தலெல்லாம் அலுமினியப் பொடி. அந்தப் பஸ்ஸில் ஒரு சட்டம் இருந்தது: தூங்குகிறவளை அவளுடைய ஸ்டாப் வரும்வரை யாரும் எழுப்பக் கூடாது. வீட்டில் போய் அவளுக்கு என்ன தூக்கம் கிடைக்கப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

யாருக்காகவும் நிற்காத பஸ் என்றேன் அல்லவா? சாயங்காலம் ஒரே ஓர் இடத்தில் நிற்கும். கம்பெனிக்குள் வேலை செய்கிறவர்கள் தாங்கள் செய்ததை வெடித்துப் பார்க்க முடியாது. ஆட்கள் எல்லாரும் வெளியேறிய பிறகுதான் பின்பக்கத்துப் பொட்டலில் அன்றைய சாம்பிளை விட்டுப் பார்ப்பார்கள். அது ஆறரை மணி வாக்கில். எங்கள் பஸ் அப்போது ரோட்டு வளைவுக்கு வந்திருக்கும். சவரிமுத்து அண்ணன் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துவார். ஐம்பது பெண்களும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு மேலே பார்ப்பார்கள்.

கரிசல் காட்டுக்கு மேலே பாதி இருட்டின வானத்தில் ஒரு கோடு ஏறும். பிறகு அது விரியும். "அங்கன பாரு, பச்ச. எங்க ரூமு" என்று ஒரு குரல் கேட்கும். யார் ரூமில் செய்த கலர் மேலே போகிறதோ, அந்த ரூமுக்காரிகள் மறுநாள் பஸ் முழுவதற்கும் வறுத்த கடலை வாங்கிவர வேண்டும். செலவு வைக்கிற விஷயத்துக்கு இப்படிப் போட்டி போட்டு முன்னால் வருகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஒரு குரலுக்குப் பிறகு சத்தமே இருக்காது. விரலில் பசை காயாத பெண்கள், தாங்கள் தரையில் உட்கார்ந்து அடைத்த கறுப்பு மணிகள் வானத்தில் போய் இப்படி ஆகின்றன என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு மேலே பார்ப்பதா, அவர்கள் முகத்தைப் பார்ப்பதா என்று இருக்கும். எத்தனையோ ஜெபக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன், அப்படி ஓர் அமைதியை அங்கெல்லாம் கண்டதில்லை. ஒருத்தி என் தோளில் தூங்குவதால் நான் மட்டும் கழுத்தை ஒரு தினுசாகத் திருப்பிக்கொண்டு பார்ப்பேன்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில்தான் நன்றாக இல்லை. மகளுக்கு அப்போது பத்து மாதம். நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள், எட்டு மணிக்குத் திரும்பும்போதும் தூங்கியிருப்பாள். என் நாத்தனார் எஸ்தர்தான் பகலெல்லாம் பார்த்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை நடக்கும்போது பிள்ளை அழுதாள். நான் கையை நீட்டினேன். என்னைப் பார்த்து இன்னும் வீறிட்டு, எஸ்தரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பழக்கந்தான் மதினி, ஒண்ணும் நெனைக்காதீக" என்றாள் எஸ்தர். அன்று பாட்டுப் புத்தகத்தில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

விருதுநகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆள் தேவை என்று அந்த வாரமே தகவல் வந்தது. அங்கே சேர்ந்தால் பிள்ளை விழித்தபின் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார் அந்த டாக்டரம்மா. வீட்டுக்காரர், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கல்யாணமான எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் செல்வராணியிடம் சொன்னேன். அவள் அன்று வேறொரு சந்தோஷத்தில் இருந்தாள். "இந்த வாரம் எங்க ரூமுல ஊதா, சிஸ்டர். வராது வராதுன்னாக. நேத்துத்தான் ஒருவழியா மருந்து பதத்துக்கு வந்திருக்கு" என்றாள். பிறகு என் விஷயத்துக்கு வந்தாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? போயி பிள்ளயப் பாருங்க. ரோட்டுல கெடந்து என்னத்தக் கண்டோம்?"

"உங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகுது?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுல ஒரு மணி நேரம். எங்க ஊரு விலக்குல எறங்கி இன்னொரு அர மணி நடக்கணும். நடையெல்லாம் யாரு சேத்தா?"

இத்தனை மாதமாக அவளிடம் என் தூரத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டு வந்தது எனக்குக் கூச்சமாகிவிட்டது. சரி, அவள் சொல்வதுதான் சரி, நாளைக்கே போய் வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் பஸ் வளைவில் நின்றது. முதலில் ஒரு சிவப்பு போனது, அதற்குச் சொந்தக்காரி குரல் கொடுத்தாள். அடுத்தது ஏறியது. ஏறிக்கொண்டே போய், விரிந்தபோது ஊதா. கத்தரிப்பூவின் ஊதா. பஸ்ஸில் யாரும் குரல் கொடுக்கவில்லை. அந்த ரூமில் மற்ற மூன்று பேரும் வேறு பஸ். எல்லாரும் திரும்பி என் தோளில் கிடந்த தலையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சட்டம் சட்டம்தான்.

நான் அவளைத் தட்டினேன். "செல்வராணி, ஊதா" என்றேன்.

ஸ்டாப் வந்துவிட்டது என்று நினைத்துத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் அவள் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். நல்லவேளை, இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. அவள் கண் அதன் பின்னாலேயே போனது. விரிந்து, இறங்கி, அணைந்த பிறகும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டு ஒசரமா போகுது?" என்றாள்.

ஒன்பது வருடம். தீபாவளிக்கு முந்தின நாள்வரை சீசன் வேலை, தீபாவளியன்று அடித்துப் போட்டதுபோல் தூக்கம். அவள் கையிலிருந்து போனது எவ்வளவு உயரம் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்கவும் நேரமில்லை. "அண்ணே, இன்னொண்ணு விடுவாகளா?" என்று கேட்டாள். சவரிமுத்து அண்ணன் சாவியைத் தொடவில்லை. "இருந்து பாத்துட்டே போவோம்" என்றார். இன்னொன்று வர ஐந்து நிமிடம் ஆனது. ஐம்பது பேரும் காத்திருந்தோம்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனேன். "வருகிறேன் மேடம், ஆனால் தீபாவளி கழிந்துதான் வருவேன். அதுவரை அங்கே விடமாட்டேன் என்கிறார்கள்" என்றேன். சுத்தப் பொய். ஆஸ்பத்திரியில் எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டிலும் இதே பொய்தான். எஸ்தர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாற்பது நாள் சொச்சம் எனக்குக் கிடைத்தது. செல்வராணி அதற்குப் பிறகு வளைவு வரும்வரை தூங்குவதில்லை. பார்த்து முடித்த மறு நிமிடம் தலை என் தோளுக்கு வந்துவிடும்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருநாள் வீட்டுக்கு வருகிறேன், எஸ்தர் வாசலிலேயே நிற்கிறாள். "மதினி, பிள்ள இன்னைக்கு நாலு எட்டு வச்சுட்டா. வெளக்கு போடுற நேரம், ஆறர இருக்கும்" என்றாள். ஆறரைக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். பச்சைக்குள் சிவப்பு விரிகிற புது ரகம் ஒன்று, செல்வராணி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே போய்த் தூங்குகிற பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் ஐந்தே காலுக்கு அதே பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

தீபாவளி முடிந்து விருதுநகரில் சேர்ந்தேன். பத்து நாளில் பிள்ளை என்னிடம் ஒட்டிக்கொண்டாள். எந்த விதத்தில் பார்த்தாலும் அதுதான் சரி. ஆனால் அந்த நாற்பது சாயங்காலங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பேனா என்று கேட்டால், மாட்டேன். ஒரு தாய் இதை எந்த முகத்தோடு மகளிடம் சொல்வாள்?

போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காகச் சிவகாசி போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். ரோட்டை அகலப்படுத்தி வளைவை நேராக்கிவிட்டார்கள். பொட்டலில் பிளாட் கற்கள் நட்டிருக்கின்றன. இப்போதெல்லாம் வேலையாட்களை நாலு மணிக்கே வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்களாம். நல்லதுதான், பகல் இருக்கும்போதே பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் அந்த இடம் வந்ததும் என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன்.

"எங்கன எறங்கணும்க்கா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். எங்கும் இல்லை என்று உட்கார்ந்தேன். அவள் விரல் நகத்தில் வெள்ளிப் பொடி படிந்திருந்ததைப் பார்த்து, வெடிக் கம்பெனியா என்று கேட்டேன். ஆமாம், ஆறு வருடமாகப் பேன்சி ரகம்தான், இன்று லீவு போட்டு டவுனுக்கு வந்தேன் என்றாள்.

"நீங்க செஞ்சது மேல போயி வெடிக்கிறதப் பாத்திருக்கீகளா?"

அவள் சிரித்தாள். "தீபாவளிக்கு ஊரே வெடிக்கும். அதுல எது நம்மளதுன்னு எப்பிடிக்கா தெரியும்? டப்பாவுல போட்டிருக்கிற படத்தப் பாத்திருக்கேன்."