பதினான்காவது மைக்

லிஃப்ட்காரர் என்றுதான் சபையில் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பார். ஏழாம் நாள் தேவாலயத்தின் கடைசி வரிசையில், தூணை ஒட்டிப் போட்ட மேசையில், மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு மைக்குகளின் சத்தமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஒலிபெருக்கிக்குப் போகும். மைக்குக்கு ஒரு ஃபேடர், விரல் நுனி அகலத்தில் ஒரு கட்டை. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். சபையில் யார் குரல் எடுபட வேண்டும் என்பது பன்னிரண்டு வருஷமாக அவர் விரலில் இருந்தது. அதை அவர் ஒரு நாளும் அதிகாரமாக நினைத்ததில்லை. ஓயாமல் குறை கேட்கும் வேலை, அவ்வளவுதான்.

மனைவி இறந்து ஒன்பது மாதம். காலையில் தலை வலிக்கிறது என்றாள். மூன்றாம் நாள் அவள் இல்லை. அழுகை தானாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் காத்திருந்தார், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத மெக்கானிக்குக்காகக் காத்திருப்பவர் மாதிரி. பத்து நாள் கழித்து வேலைக்குப் போனார். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து இரண்டு பேரை இறக்கிவிட்டார். அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அவர் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார். டீ ஆறி ஏடு படிந்து கிடக்கும். குடித்தோமா இல்லையா என்பதை டம்ளரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பாட்டும் அப்படி ஆகிவிட்டது. எது பாடினாலும் அவருக்கு அது சத்தம்; கூடினால் குறைக்க வேண்டும், குறைந்தால் கூட்ட வேண்டும்.

சபையில் சண்டை அவள் இருந்தபோதே தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் கொயர்: நான்கு குரல் பிரித்து, ஆர்கனுக்கு ஒட்டி, பழைய ஞானப்பாட்டுகளை நின்ற நிலையில் பாடுகிறவர்கள். இன்னொரு பக்கம் வாலிபர்களின் பேண்ட்: டிரம்ஸ், கிடார், கீபோர்டு. புதுப் பாட்டில் ஒரே வரியைப் பதினோரு தரம் திருப்பிப் பாடுகிறார்கள், கடவுளுக்குக் காது மந்தமா என்று கொயர் கேட்டது. உங்கள் பாட்டில் பாதிச் சொல்லுக்கு யாருக்கும் அர்த்தம் தெரியாது, மூன்றாம் சரணத்துக்குள் சபையே கொட்டாவி விடுகிறது என்று பேண்ட் சொன்னது. பைபிளின் சங்கீதப் புத்தகத்திலேயே கைத்தாளம் இருக்கிறதே என்று ஒரு பெண் கேட்டபோது, "இருக்கு. அளவோட தட்டின கைத்தாளம்" என்றார் கொயர் மாஸ்டர்.

கேட்ட பெண் லிஃப்ட்காரரின் மகள். பதில் சொன்ன கொயர் மாஸ்டர் அவளுடைய தாய்மாமன், இறந்தவளின் அண்ணன். மகள் பதினைந்து வயதிலிருந்து அம்மாவின் பக்கத்தில் ஆல்டோ என்னும் நடுக்குரல் வரிசையில் நின்று பாடியவள். அம்மா போன இரண்டாம் மாதம் கொயரை விட்டுவிட்டுப் பேண்டில் கீபோர்டு வாசிக்கப் போனாள். ஏன் என்று மாமா கேட்கவில்லை, கோபித்துக்கொண்டார். அப்பாவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு தரப்பும் அவரைத்தான் குறை சொல்லின. தங்கள் சத்தத்தை மகளுக்காகக் குறைக்கிறார் என்று கொயர்க்காரர்களும், மைத்துனருக்காகக் கிடாரை அமுக்குகிறார் என்று பேண்ட்காரர்களும் சொன்னார்கள். "ஊரையெல்லாம் மேல தூக்கி விடுற மனுஷன், எங்களை மட்டும் கீழ இறக்குறாரே" என்று டெனர் பாடும் தபால்காரர் அவர் காதுபடவே சொன்னார். லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தார். உண்மையில் அந்தச் சபையிலேயே அவரைவிட நடுநிலையான ஆள் இல்லை. எது ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

கடைசியில் சபைக் குழு ஒரு வழி சொன்னது. மாதக் கடைசி ஞாயிறு பாதி ஆராதனையைக் கொயர் நடத்தட்டும், பாதியைப் பேண்ட் நடத்தட்டும். அன்றைக்கே குழு வாக்கெடுத்து இனி யார் என்று முடிவு செய்யும்.

அந்த வாரம் புதன்கிழமை கொயர் மாஸ்டர் மைத்துனரைத் தேடி வேலை நடக்கும் இடத்துக்கே வந்தார். லிஃப்ட்காரர் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கதவுச் சட்டத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மச்சான் பேசினார். ஆல்டோவில் மூன்று பேர்தான் மிச்சம், அதில் ஒருத்திக்கு மூட்டுவலி, நிற்க முடியாது, நடுக்குரல் இல்லாமல் பாட்டு ஓட்டைக் கூரை மாதிரி நிற்கிறது என்றார். பிறகு தயங்கினார்.

"மாப்ள, பழைய ஆராதனையெல்லாம் மிக்ஸர்ல ஒவ்வொரு மைக்கா தனித்தனியா பதிவாகுதுன்னு சொல்லியிருக்கீங்கல்ல?"

"ஆமா."

"பதினாலாவது மைக் தங்கச்சி முன்னாடிதான் இருக்கும்."

லிஃப்ட்காரர் எண்ணெய்ப் புட்டியை மூடினார். மச்சான் கேட்டது இவ்வளவுதான்: ஞாயிறன்று கொயர் பாடப்போகும் கடைசிப் பாட்டை இரண்டு வருஷம் முன்பு பாடியபோது பதிவான அவள் குரலை, இவர்கள் பாடும்போது அடியில் மெதுவாகக் கலந்துவிட வேண்டும். மச்சான் காதில் ஒரு சின்னக் கருவி மாட்டிக்கொண்டு, அதில் வரும் பதிவின் தாளத் தட்டலுக்கே கொயரை நடத்திக்கொள்வார். இரண்டாம் சரணத்தில் விரலைத் தூக்குவார். அப்போது ஃபேடரைத் தள்ளினால் போதும்.

"யாரையும் ஏமாத்தல. அவ இந்தக் கொயர்ல இருந்தவதானே."

சரி என்றார் லிஃப்ட்காரர். மறுப்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டும். சம்மதிக்க எதுவும் தேட வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைத் தேடி எடுத்தார். பதினான்கை மட்டும் தனியாக ஓடவிட்டு, இரண்டாம் சரணத்திலிருந்து சத்த அளவைச் சரிபார்த்தார். ஆல்டோவைத் தனியாகக் கேட்டால் பாட்டு என்றே தெரியாது. ஒரே சுரத்தில் நான்கு தட்டு நிற்கும், அரைச் சுரம் ஏறும், மறுபடி நிற்கும். மாடிப்படியில் ஒரே படியில் நின்று யாருக்கோ காத்திருப்பது போல. அவர் இரைச்சலை வடிகட்டினார். ஒன்றும் ஆகவில்லை அவருக்கு. இது என் மனைவி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அப்போதும் ஆகவில்லை.

மகள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் கழுவிய தட்டு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டாள். அவர் உள்ளதைச் சொன்னார், எந்த மைக், எந்தச் சரணம் என்பது வரைக்கும்.

அவள் சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்போ நாளைக்கு நான் அம்மாவை எதிர்த்து வாசிக்கணுமாப்பா?"

அவர் பதிவை நிறுத்தினார். தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு அவள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை, திறந்தும் வைக்கவில்லை.

ஞாயிறு சபை நிரம்பியிருந்தது. வழக்கமாகத் தாமதமாக வருகிறவர்கள்கூட, சண்டை என்றதும் நேரத்துக்கு வந்திருந்தார்கள். கொயர் மூன்று பாட்டு பாடியது. மூன்றாவதுதான் அந்தப் பாட்டு. மேடையின் இடது ஓரத்தில் பேண்ட் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தது. மகள் கீபோர்டுக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி இருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன, ஊசி குத்தப்போகிறார்கள் என்று தெரிந்த குழந்தை மாதிரி.

இரண்டாம் சரணம் வந்தது. மச்சான் இடது கையின் ஒரு விரலைத் தூக்கினார். லிஃப்ட்காரரின் விரல் பதினான்கின் மேல் இருந்தது. பதிவு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கட்டையை நகர்த்தினால் கேட்கும். மச்சானின் விரல் இன்னொரு தரம் உயர்ந்தது. லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெரிய முடிவு எதுவும் எடுத்ததாக அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தோள் இறங்கினால் நன்றாக இருக்கும் என்று மட்டும் பட்டது.

கொயர் கடைசிச் சரணம் வரை மெலிந்த குரலில் பாடி முடித்து உட்கார்ந்தது. பேண்ட் எழுந்தது. மகள் முதல் பாட்டில் ஓரிடத்தில் தப்பாக வாசித்தாள், யாரும் கவனிக்கவில்லை. சபை கை தட்டியது.

கூட்டம் கலைந்தபின் அவர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். குழு அறையிலிருந்து மச்சான் நேரே மேசைக்கு வந்தார்.

"பதினொண்ணுக்கு ஏழு. மாசத்துல ஒரு ஞாயிறுதான் எங்களுக்காம்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார்.

"ஒரு விரல் தள்ளுற வேலைதானே, மாப்ள."

"ஆமா மச்சான்."

திட்டுவார் என்று காத்திருந்தார். மச்சான் திட்டவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காதில் வைத்த கருவியில் தாளம் மட்டும்தான் கேட்டது, குரல் இல்லை என்றார். ஜெயிக்கிறது தோற்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும் என்றார்.

"அவ சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு. தனியா வந்து கேக்க வெக்கமா இருந்துச்சு. அதான் கொயர் பேரைச் சொன்னேன்."

லிஃப்ட்காரர் சுற்றிய வயரைக் கீழே வைத்தார். மச்சானை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். பதினான்காவது மைக்கின் பதிவைப் பாட்டு தொடங்குவதற்கு முன்பிருந்தே ஓடவிட்டார்.

மச்சானின் கை திடீரென்று தன் சட்டைக்குப் போனது. "பக்கத்துல யார்கிட்டயோ சொல்றா, நான் பட்டனை மாத்திப் போட்டிருக்கேனாம்" என்றார். ஹெட்ஃபோன் காதை அடைத்திருந்ததால் சத்தமாகவே சொன்னார். மேடையில் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

பாட்டின் நடுவே மச்சான் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"இந்த இடத்துல சுருதி இறங்குறா. நூறு தடவை சொல்லியிருக்கேன்."

"எந்த இடம்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர், ஹெட்ஃபோனுக்குக் கை நீட்டியபடி.