யூசுப் பாய் பொறுக்கிய சவுக்குக் காய்கள்

கணவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது ரசியா பேகத்துக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. அதில் கணவரோடு சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. முகம்மது யூசுப் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. வேதாரண்யத்துக்கு வந்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் லீவு தீர்ந்துவிடும். மகள் ஜஸீலாவுக்கு அத்தா என்றால் செல்போனில் வரும் குரல்தான்.

அந்தக் குரல்தான் முதலில் போயிற்று. ஐம்பத்து நாலு வயதில் பக்கவாதம் வந்து, வலது கை விழுந்து, திருச்சி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார். "ஆமா", "வேணாம்" என்ற இரண்டு சொல்தான் வாயில் மிஞ்சியிருந்தது. அதுவும் மாற்றி மாற்றி வரும். மனைவியைக் கூப்பிட வாயெடுப்பார். "ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ரசியா அப்போது தஞ்சாவூர் வித்யாலக்ஷ்மிக்குச் சாமான் அனுப்பிக்கொண்டிருந்தாள். வித்யாலக்ஷ்மி அங்கே குழந்தைகளுக்குக் கைவேலை வகுப்பு நடத்துகிறவர். சவுக்குக் காய், கிளிஞ்சல், கடல் ஒதுக்கிய மரத்துண்டு, மஞ்சாடி விதை எல்லாம் வேண்டும் என்பார். "ஆனா ஒரு பூச்சி இருக்கக் கூடாது ரசியா. வாடை வரக் கூடாது. சின்னப் பிள்ளைங்க வாயில வச்சிடுவாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அதனால் பொறுக்குவதைவிடப் பக்குவம் செய்வதுதான் பெரிய வேலை. மரத்துண்டை நான்கு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்க வேண்டும். கிளிஞ்சலை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவி அலச வேண்டும். சவுக்குக் காயைப் பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டைமாடியில் வெயில் காட்டி, கடைசியில் இரும்புச் சட்டியில் சூடேற்றிய மணலில் புரட்டி எடுத்தால்தான் உள்ளே ஒளிந்திருக்கிற பூச்சி சாகும்.

கை விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் ரசியா காய்க்கூடையை யூசுப்பின் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஓட்டை விழுந்த காய்களெல்லாம் தனியாகக் கிடந்தன. அவள் நல்லது என்று வைத்திருந்ததிலும் ஏழெட்டைக் கழித்திருந்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா" என்று தலையை ஆட்டி மறுத்தார். காயை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஊசிமுனை அளவு துளை இருந்தது. ரசியா சிரித்துவிட்டாள். அவரும் கோணிய வாயோடு சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தார்கள், உலர்த்தினார்கள், பிரித்தார்கள். காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு அவரே நடந்துபோய்ப் பையை நிரப்பிக்கொண்டு வர ஆரம்பித்தார். கூட வருகிறேன் என்றால் "வேணாம்" என்பார். அது மட்டும் சரியாகவே வரும். ஒரு புருஷனோடு குடித்தனம் செய்வது இப்படித்தான் இருக்கும்போல என்று ஐம்பது வயதில் அவளுக்குத் தெரிந்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள் பார்சல் போட நாகப்பட்டினம் போயிருந்தாள். திரும்புகிற பஸ்ஸில் வானம் கறுத்தது. மாடியில் மூன்று சாக்குக் காய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு பர்வினுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலி. மாடிப்படி ஏறி ஓடினாள். ஒரு கையால் தார்ப்பாயை இழுத்துக் காய்களை மூடி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மழையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மறுபடியும் பக்கவாதம் என்றார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் மூச்சு அடங்கியது.

கணவனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் ரசியா வாசல் தாண்டவில்லை. பின்கட்டில் அந்த மூன்று சாக்கும் கிடந்தன. "அதத் தூக்கிப் போட்டுடுறேன்மா, வாடை அடிக்குது" என்றாள் ஜஸீலா.

"தொடாத."

"அத்தா போனதே அதாலதானே?"

சொன்ன பிறகுதான் ஜஸீலாவுக்கு உறைத்தது. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரசியா அழவில்லை. மகள் சொன்னதைத்தான் அவளும் தினம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மடியில் அந்தக் கூடையை வைத்தது யார்?

ஒரு வெள்ளிக்கிழமை வேம்பு துக்கம் கேட்க வந்தாள். தோப்பில் சுள்ளி பொறுக்குகிறவள். ரசியா அவளை அதற்கு முன் பார்த்ததில்லை.

"பாய் தெனமும் என்னைப் பார்த்துக் கையத் தூக்குவாங்க. பாவம், உங்க பேரைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாங்க பாயம்மா."

"என் பேரையா?"

"ஒவ்வொரு காயா எடுத்துப் பையில போடுறப்ப, ரசி, ரசின்னு. மொதல்ல எனக்குப் புரியல. கடைசியா ஒரு நாள் முழுசா வந்துடுச்சு, ரசியான்னு. என்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சாங்க. வீட்டுல சொன்னாங்களா?"

 கடைசி வரைக்கும் அந்தப் பேர் ரசியா காதில் விழவில்லை. இன்னும் சரியாக வரட்டும் என்று வைத்திருந்தாரோ, வீட்டு வாசலுக்குள் வந்ததும் மறுபடி தொண்டை அடைத்ததோ, இனி யாரைக் கேட்பது? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் பர்வின் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள்.

இப்போது வேம்புதான் காய் கொண்டுவந்து கொடுக்கிறாள். சென்னையில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி ஜஸீலா கூப்பிட்டும் ரசியா போகவில்லை. மாதம் ஒரு பெட்டிதான் தஞ்சாவூருக்குப் போகிறது. மாடிக்கு ஏறுவதில்லை. வாசலிலேயே பாய் விரித்து உலர்த்துகிறாள். மத்தியானம் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பாள். ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது.