அண்ணன் எடுத்த கழுத்தளவு

கார் சீட்டுக்கு உறை தைக்கும் அந்த மனிதரை இன்ச்டேப் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் கை காட்டமாட்டார்கள். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். "தும்மினாக்கூட அளந்துதான் தும்முவாரு" என்பார் பக்கத்துப் பட்டறை மெக்கானிக். இன்ச்டேப் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அளக்காமல் வெட்டுகிறவன்தானே வெட்கப்பட வேண்டும்?

பள்ளிக்கூடம் அவருக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவர் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. அவர் தைத்த சீட்டில் நூல் துருத்தி நிற்காது, மூலையில் சுருக்கம் விழாது. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. அதைவிடப் பெரிய கர்வம் தம்பி.

தம்பி பந்தயக் கார் ஓட்டினான். நகரத்துக்கு வெளியே இருந்த பந்தயத் தடத்தில் ஒரு சிறிய குழு அவனுக்குக் காரைக் கொடுத்திருந்தது. அந்தக் காரின் சீட் இன்ச்டேப் கையால் ஆனது. வாடிக்கையாளர் யார் வந்தாலும், அவர்கள் கேட்காமலேயே, "தம்பி உக்கார்ற சீட்டும் நான் தச்சதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுப்பார்.

போன வருஷம் அந்தத் தடத்தில் ஒரு கார் சுவரில் நேராக மோதியது. ஓட்டினவன் பிழைக்கவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை, கழுத்துதான் போய்விட்டது. அந்தக் காரிலிருந்து சீட்டைக் கழற்ற இன்ச்டேப்பைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் விடவில்லை, பெல்ட்டும் அறவில்லை. உடம்பை பெல்ட் பிடித்துக்கொண்டது. தலையைப் பிடிக்க ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் கழுத்துக் காப்பு இல்லாமல் யாரும் காரில் ஏறக்கூடாது என்று விதி வந்தது. மாட்டுக்கு நுகத்தடி வைப்பதுபோல அதன் இரண்டு கால்களும் தோளைத் தாண்டி மார்பில் இறங்கும். அதன்மேல் பெல்ட் அமரும். பின்னங்கழுத்தில் நிமிர்ந்து நிற்கும் காலரிலிருந்து இரண்டு பட்டைகள் ஹெல்மெட்டின் இருபுறமும் மாட்டும். கார் மோதினால் தலை தனியாக முன்னால் பாயாது.

"தம்பிக்கு நான் வாங்கித் தரேன்" என்றார் இன்ச்டேப் வீட்டில்.

"அவருக்குத்தான் குழு இருக்கே, அவங்க வாங்கித் தரமாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"அவங்க கைக்குக் கிடச்சத வாங்குவாங்க. நான் பாத்து வாங்குவேன்."

பார்த்துத்தான் வாங்கினார். பந்தய சாமான் விற்கும் கடையில் போய் நின்றபோது கடைக்காரர் சொன்ன முதல் விஷயமே அவருக்குப் பிடித்துப்போயிற்று. காப்பில் சாய்மானம் உண்டாம். படுத்தாற்போல ஓட்டும் காருக்கு ஒன்று, நிமிர்ந்து உட்காரும் காருக்கு வேறு. மாற்றிப் போட்டால் காலர் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தள்ளும், பட்டை தொளதொளவென்று கிடக்கும், போட்டும் போடாத மாதிரிதான்.

"சீட் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அந்தச் சாய்வ வச்சதே நான்தாங்க."

கடைக்காரர் சிரித்தபடி நிமிர்ந்த காருக்கானதை எடுத்து வைத்தார். "சாய்வு சரியாப்போச்சு. இனி கழுத்துச் சுற்றளவு. ஆள வரச் சொல்லுங்களேன்."

இன்ச்டேப் தம்பிக்கு போன் போட்டார்.

"வரேண்ணா."

"எப்ப?"

"வரேன்னு சொன்னேன்ல."

வரவில்லை. மறுபடி போட்டார், அப்போதும் வரேன் என்றான். பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தையே சுற்றி டேப்பை வைத்தார்.

அதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. தம்பிக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அண்ணன் அளவுதான் தம்பி அளவு. சட்டைக்கு அப்படித்தான் துணி வெட்டினார். தம்பியின் கல்யாணக் கோட்டுக்கும் தானே போட்டுப் பார்த்துத்தான் ஊசி குத்தினார். தாலி கட்டும்போது அந்தக் கோட்டு அச்சில் வார்த்தாற்போல இருந்ததை இன்றைக்கும் சொல்வார்.

மறந்துபோனது ஒன்றுதான். பந்தயக்காரனுக்குக் கழுத்தில் வலு வேண்டும் என்று தம்பி கொஞ்ச காலமாக எடை இழுத்துப் பழகிக்கொண்டிருந்தான். தலையில் பட்டை மாட்டி, அதில் எடையைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் இழுப்பான். அந்தப் பட்டையைத் தைத்துக் கொடுத்தவரே இன்ச்டேப்தான். அறுந்துவிடக்கூடாது என்று இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அதை மாட்டி இழுக்கிற கழுத்து பருக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பந்தயத்தன்று காலையில் காப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பந்தயம் தம்பிக்கு வாழ்வா சாவா என்கிற மாதிரி. குழுவின் மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: இன்றைக்கு நன்றாக ஓட்டினால் அடுத்த வருஷமும் கார் அவனுக்கு, இல்லையென்றால் வேறு ஆள்.

தம்பி காப்பை வாங்கித் தோளில் வைத்தான். இறங்கவில்லை. அழுத்தினான். கழுத்தின் இருபுறமும் கவ்விக்கொண்டு நின்றது.

"இது யார் அளவுண்ணா?"

இன்ச்டேப் பதில் சொல்வதற்குள் பரிசோதகர் வந்துவிட்டார். தம்பி அப்படியே காரில் ஏறி பெல்ட்டை இறுக்கினான். பரிசோதகர் பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்தார். தாராளமாகப் போயிற்று.

"தோள்ல உக்காரவே இல்லையே தம்பி. வேற இருந்தா போட்டு வாங்க, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தார்.

மேனேஜர் ஓடிப்போய் ஒரு காப்பைக் கடன் வாங்கி வந்தார். படுத்தாற்போல ஓட்டும் கார்க்காரன் ஒருவனுடையது. தம்பிக்குக் கழுத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பரிசோதகர் திரும்பி வந்து பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. தலையாட்டிவிட்டு, காரில் ஒட்டும் ஒப்புதல் வில்லையைக் கையில் எடுத்தார்.

இன்ச்டேப்புக்குக் கண் காலரிலேயே நின்றது. அது ஹெல்மெட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. தம்பியின் மோவாய் நெஞ்சுப் பக்கம் குனிந்திருந்தது. பட்டை இரண்டும் தொங்கின.

"அது இந்த சீட்டுக்கு ஆகாதுங்க" என்றார்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா, சும்மா இரு."

"சாய்வு வேறங்க. பட்டைய இழுத்துப் பாருங்க."

மேனேஜர் பல்லைக் கடித்தார். "யோவ், நீ எந்தப் பக்கம்யா?"

பரிசோதகர் பட்டையை இழுத்துப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பிடித்து முன்னால் ஆட்டிப் பார்த்தார். ஒப்புதல் வில்லையைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தம்பி இறங்கினான். குழுவில் மாற்றாளாக இருந்த இன்னொருவன் தன் சொந்தக் காப்போடு அதே காரில் ஏறினான். இன்ச்டேப் தைத்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டி மூன்றாவதாக வந்தான். கார் அவனுக்கே போயிற்று.

இருவரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். அண்ணன் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"எனக்குன்னு ஒண்ண எனக்கு அளந்து வாங்கணும்னு தோணலல்ல உனக்கு."

"கூப்பிட்டேன். நீ வரல."

"சரி, வரல. அங்கயாவது வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"எப்படிடா இருப்பேன்? கழுத்து இருக்குல்ல இப்ப உனக்கு?"

"இருக்கு. எங்கயும் தலை காட்டத்தான் முடியல."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அண்ணி கூப்பிட்டாள். அவன் காதில் விழாதவன்போல நடந்தான்.

காப்பைத் திருப்பிக் கொடுக்க இன்ச்டேப் கடைக்குப் போகவில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நாள் முழுதும் குனிந்து தைப்பதில் அவருக்குக் கழுத்து வலி உண்டு. "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, போட்டுக்கிட்டுத் தைங்கண்ணே" என்றார் மெக்கானிக். இன்ச்டேப் சிரிக்கவில்லை. மெக்கானிக் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பியின் சீட்டைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்வதை இன்ச்டேப்பும் நிறுத்திவிட்டார்.

தம்பி ஒரு கார் ஷோரூமில் சேர்ந்திருப்பதாக யாரோ சொல்லித்தான் தெரிந்தது. வாங்க வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாக ஓட்டிக் காட்டும் வேலை. நல்ல நாள் பெரிய நாளுக்குக்கூட அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஒரு நாள் பட்டறைக்கு வந்தான். ஷோரூம் கார் ஒன்றுக்கு உறை தைக்க வேண்டுமாம், முதலாளி இந்தப் பட்டறையைத்தான் சொன்னாராம். சட்டையில் ஷோரூம் பெயர். காலர் பொத்தான் கழுத்தில் பூட்டவில்லை, திறந்து கிடந்தது.

இன்ச்டேப் அதைத்தான் பார்த்தார். கை தானாகவே டேப்பை உருவியது. "சட்ட சின்னதா இருக்கேடா. கொஞ்சம் நில்லு" என்று அருகே போனார்.

தம்பி ஓர் அடி பின்னால் நகர்ந்தான். சுவரில் மாட்டியிருந்த காப்பை ஒரு பார்வை பார்த்தான்.

"சீட்ட மட்டும் அளந்தா போதும்ணா" என்றான்.

இன்ச்டேப் கார்க் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். முதுகுச் சாய்வின் உயரத்தை அளந்து சொன்னார். தம்பி எழுதிக்கொண்டான்.

"சரியா இருக்குமில்ல?" என்று கேட்டான்.

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. இன்ச்டேப் டேப்பை மறுபடி நீட்டி, இரண்டாவது தடவை அளந்தார்.