இடக்கைச் சிவப்புக் கயிறு

கோப்பெங்கில் கேஸ் சிலிண்டர் தூக்கும் வேலையை விட்டுவிட்டு ஈப்போவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒரு பர்னிச்சர் கடை லாரி நின்று என்னை ஏற்றிக்கொண்டது.

ஓட்டுநர் தலை நரைத்தவர், கழுத்து தடித்தவர். இடது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். கைப்பேசி இடப்பக்கம் திரும்பச் சொன்னபோதெல்லாம் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

"என்னண்ணே, ஊருக்குப் புதுசா?"

"பொறந்ததே இங்கதான்லா. இடம் வலம் மண்டையில நிக்காது. எங்கப்பாவும் அப்படித்தான். ரப்பர் தோட்டத்துல அடுத்தவன் நிரையில போய்ப் பால் வெட்டி, கங்காணிகிட்ட ஏச்சு வாங்குவாரு. இது பரம்பரையா வரலாம்னு டாக்டர் சொன்னாரு. முதலாளிகிட்ட அதச் சொன்னா இனிமே ஏச மாட்டாருன்னு நெனச்சேன்."

"என்ன சொன்னாரு?"

"'அப்ப ஒன் மகளும் அப்படித்தான் இருப்பா, நீ அவளுக்குக் கேட்ட ஸ்டோர் வேலைக்கு வேணாம்'னுட்டாரு. அவ ஒருநாளும் வழி தவறினதில்ல, தம்பி."

கடை வாசலில் என்னை இறக்கிவிடும்போது, "அந்த வேல இன்னும் காலியாத்தான் இருக்கு. நீ போய்க் கேளு" என்றார். மகளுக்கு இல்லையென்று ஆன வேலையை அவர் ஏன் எனக்குக் காட்டினார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கப்பாவுக்கு இடம் வலம் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான் அப்பாவின் முகத்தையே பார்த்ததில்லை. தெரியும் என்றேன். ஸ்டோர் சாவியை என் கையில் கொடுத்தார்.