மாதா கோயிலில் நான் அடித்த மணி

கையில் போன் வைத்துக்கொண்டு திரியாத காலம் அது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நானும் கணவரும் பலகாரக் கடை வைத்திருந்தோம். ஒரு மார்கழி மதியம், சேலத்திலிருந்து வந்திருந்த என் கணவரின் அக்காவை, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவரை, மலை விளிம்பில் இருக்கிற மாதா கோயிலுக்கு அழைத்துப்போனேன். பேர்போன கோயில். பின்பக்கப் பாறையில் நின்றால் சேலம் டவுன் மொத்தமும் காலடியில் தெரியும். "அக்காளுக்குக் கண்ணு சரியில்ல, தனியா உட்றாத" என்றார் கணவர். "ஏனுங்க, இந்த மலையில பொறந்தவளுக்கே பாடமா?" என்று கிளம்பிவிட்டேன்.

கும்பிட்டு முடித்ததும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நீ மெழுகுவத்தி ஏத்திட்டு வா கண்ணு, எங்க ஊடு தெரியுதான்னு நான் பாக்கறேன்" என்று பின்பக்கம் நடந்தார். நான் ஏற்றிவிட்டு வெளியே வந்தால், எல்லாம் ஒரே வெள்ளை! மூடுபனி இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. அந்தப் பாறைக்குத் தடுப்புச்சுவர் கிடையாது, தாண்டினால் அதலபாதாளம். தொண்டை கிழியக் கத்தினேன். பதில் இல்லை. கோயிலில் ஒரு ஈ காக்கை இல்லை.

வாசல் ஓரம் மணிக்கயிறு தொங்கியது. ஆனது ஆகட்டும் என்று பிடித்து இழுத்தேன். அம்மாடி, என்ன கனம்! ஒரு இழுப்பு, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்தது. டங்... டங்... என்று விட்டு விட்டு ஒலித்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள், இடுப்பில் கட்டிய சாக்கோடு ஓடிவந்தார்கள். "யாருங்க தவறுனது? சாமியாருங்களா?" ஒரு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டுக்குப் போயிருந்த, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை பாதிச் சோற்றில் வந்து கத்தினார்: "ஏம்மா, இப்படி விட்டு விட்டு அடிச்சா அது சாவு மணி!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "செத்தாத்தான் வருவீங்களா? சாகறதுக்கு முன்னாடி வரக்கூடாதுங்களா? எங்க அண்ணி பாறையில நிக்கறாங்க!"

அவ்வளவுதான். கைகோத்து வரிசையாகப் பாறைப் பக்கம் நகர்ந்தார்கள். "நீ மணிய உட்றாத சாமி" என்றார் அழுத அம்மா. உள்ளங்கையில் கொப்புளம் வந்தும் நான் விடவில்லை.

கடைசியில் இரண்டு பெண்கள் தாங்கிக்கொள்ள அண்ணி வந்தார், புடவையெல்லாம் பாசி. கண் தெரியாமல் எங்கோ விளிம்புப் பக்கம் போய்விட்டாராம். மணிச்சத்தம் வந்த திசை பிடித்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தவரைப் பாதி வழியில் அந்த வரிசைதான் பிடித்திருக்கிறது. வந்ததும் முதல் கேள்வி, "பாவம், யாரு கண்ணு செத்தது?"

"நீங்கதானுங்க அண்ணி" என்றேன். கூட்டமே கொல்லென்று சிரித்தது. நான் மட்டும் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.

அண்ணி அதற்கப்புறம் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். எனக்கும் துக்க வீட்டுக்குப் போக அலுப்பு வருகிற நாள் உண்டு. ஆனால், முகம் தெரியாத ஒரு சாவுக்கு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த அந்தக் கால்கள்தான் ஓர் உயிரை எனக்குத் திருப்பிக் கொடுத்தன என்று நினைத்ததும், தானாக எழுந்துவிடுகிறேன்.