அங்கே வானம் வரைக்கும்

தொமித்திலா நெசா நகரச் சந்தையில் பாட்டு டிஸ்க் விற்கிறாள். இடது பக்கம் ஆடுவதற்கான கும்பியா பாட்டு, வலது பக்கம் ராக். ராக் அதிகம் போகாது. ஆனாலும் 'மூன்றாம் மாடி' என்ற குழுவின் ஒரே ஆல்பம் அவளிடம் எப்போதும் இருக்கும். அவள் கணவன் ருத்தீலியோ அதைத்தான் கேட்பான். எல்லை தாண்டி வடக்கே போனபோது மாற்றுச் சட்டையை மறந்தான், அந்த டிஸ்கை மறக்கவில்லை. கொஞ்ச காலம் சிகாகோவிலிருந்து போன் வந்தது. பிறகு நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் பின்தெருவில் பிதென்சியோ ஒலிபெருக்கிகளை அடுக்கி ஆட்டம் நடத்துவான். பாட்டு ஓடும்போதே மைக்கில் வாழ்த்து படிப்பான். யாருக்கு என்று அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிக்க வேண்டும். வடக்கே இருப்பவருக்கு 'அங்கே வடக்கு வரைக்கும்' என்று முடிப்பான். செத்தவருக்கு 'அங்கே வானம் வரைக்கும்'. எல்லாம் பதிவாகி, டிஸ்காகி, மறுநாள் விடிகாலை பஸ்ஸில் வடக்கே போகும். அங்கே இருப்பவர்கள் தங்கள் பெயர் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள்.

தொமித்திலா வாராவாரம் ருத்தீலியோவின் பெயர் எழுதிய அதே அட்டையோடு நிற்பாள்.

"அக்கா, இன்னைக்கும் ராக்கா? ஆடுறவன்லாம் பீர் வாங்கப் போயிடுறான்."

"போகட்டுமே. பீர் விக்கிறது ஒன் மச்சான்தான?"

பிதென்சியோ சிரித்துக்கொண்டே தன்னிடமிருந்த மூன்றாம் மாடி பாட்டைப் போட்டான். அவளுக்கு முந்தின அட்டை ஒரு செத்துப்போன பஸ் டிரைவருக்கானது. அதே மூச்சில் இதையும் படித்தான்.

"ருத்தீலியோவுக்கு, மனைவி தொமித்திலாகிட்டேருந்து, அங்கே வானம் வரைக்கும்!"

பக்கத்தில் நின்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் பாட்டு முடியும்வரை அட்டையை இறக்கவில்லை.

மறுநாள் காலையில் சந்தைப் பெண்கள் இனிப்பு ரொட்டியும் பட்டை போட்ட காப்பியுமாக அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். நான் அடுத்த கடை, காலுறை விற்கிறேன். நானும் போனேன்.

"அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லலையே. எப்படி ஆச்சு?"

"தெரியல" என்றாள்.

அது உண்மைதான். ரொட்டியைப் பிட்டு காப்பியில் தோய்த்துத் தின்றாள்.

மத்தியானம் பிதென்சியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அக்கா, வாய் தவறிடுச்சு. வர்ற சனிக்கிழமை மைக்லயே மாத்திச் சொல்லிடுறேன். ஆள் உசிரோட இருக்கான்னு சொல்றேன்."

"இருக்கானா?"

அவன் தொப்பியைத் தலையில் வைத்து, திரும்ப எடுத்தான்.

"டிஸ்க் போயிடுச்சா?"

"விடியக் காலைலயே போச்சு."

"அப்ப மாத்தாத. அவன் கேப்பான். உசிரோட இருந்தா கோவம் வரும். என்னைக் கொன்னுட்டியாடின்னு கேக்கவாவது போன் பண்ணுவான்."

என்னைப் பார்த்தாள். "நீயும் யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. அன்று மாலை பெண்கள் அவள் வீட்டுத் தரையில் சுண்ணாம்புத் தூளால் சிலுவை போட்டார்கள். உடல் கிடந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சிலுவை மட்டும் இருந்தது. ஒன்பது நாள் ஜெபமாலை. தொமித்திலா போனை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அவன் வாங்கித் தந்த போன், அதனால்தான் வைத்திருக்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் சொன்னாள். கண் போனில் இருந்தது. அழவில்லை. நடுவில் வந்த சனிக்கிழமை துக்க வீடு என்று பிதென்சியோ ஆட்டம் வைக்கவில்லை.

கடைசி நாள் வழக்கப்படி அந்தச் சுண்ணாம்பைக் கூட்டி ஒரு பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தொமித்திலா எடுத்தாள்.

"ஆமா, கடைதான்."

கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கு. மூன்றாம் மாடி. ஒரு டிஸ்க்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை வாங்க."

போனை வைத்துவிட்டு, "கூட்டுங்க" என்றாள். சிலுவையைப் பெட்டியில் அள்ளி முடித்தார்கள். நான் மக்காச்சோள மாவில் அவித்த தமால் பரிமாறினேன். அவள் இரண்டு தின்றாள்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தான். அவள் அந்த டிஸ்கைக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பின்தெருவுக்குப் போனோம். அவள் கையில் அட்டை இருந்தது, மடித்து அக்குளில் வைத்திருந்தாள். பிதென்சியோ மைக்கை மூடிக்கொண்டு குனிந்தான்.

"அக்கா, எது வரைக்கும் சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. பாட்ட மட்டும் போடு."

போட்டான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் பீர் வாங்கப் போனார்கள். அவன் மைக்கைத் தொடவில்லை. வாழ்த்து இல்லாமல் அந்தப் பாட்டை நான் அன்றுதான் முழுசாகக் கேட்டேன். நடுவில் ஒரு நீண்ட கிட்டார் வருகிறது. இத்தனை வாரமும் அதன் மேல்தான் ருத்தீலியோவின் பெயர் விழுந்திருக்கிறது.

"நீளமான பாட்டுதான்" என்றாள் தொமித்திலா.

இப்போது அந்த அட்டை கடையில் இருக்கிறது. ராக்குக்கும் கும்பியாவுக்கும் நடுவே தடுப்பாகச் செருகியிருக்கிறாள். டிஸ்க்குகளுக்கு மேலே 'ருத்தீ' மட்டும் தெரிகிறது. அது ஏதோ குழுவின் பெயர் என்று நினைத்து, அவ்வப்போது யாராவது அதன் டிஸ்க் கேட்கிறார்கள்.

"அது இல்ல" என்கிறாள்.