கரண்ட் வராத விளையாட்டு

போன சனிக்கிழமை காலை, பதிவு செய்து வைத்த ஒரு குரலிடம் நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "வணக்கமெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம், விஷயத்துக்கு வா தாயே" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அது நிதானமாக வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசியது.

நடந்தது பேராவூரணிப் பக்கம், என் அக்கா வீட்டில். தஞ்சாவூரிலிருந்து கொஞ்ச நாள் தங்கப் போயிருந்தேன். ஆனால் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அக்கா மகள் கயல் சென்னையில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் ஒரு விஆர் ஹெட்செட் கொண்டுவந்தாள். கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொண்டால் உள்ளே வேறு உலகம் தெரியுமே... அதுதான். அக்கா அதற்கு வைத்த பெயர் கண்ணு டப்பா. கிளம்பும்போது, "அப்பா, பொழுது போகலன்னா விளையாடுங்க" என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதில் ஒரு விளையாட்டு. சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது. எதிரே ஒரு மேஜை, மேலே ஒரு பொருள். கடிகாரம், கேமரா, டைப்ரைட்டர், பைக் இன்ஜின் என்று ஏதாவது இருக்கும். அதைப் பாகம் பாகமாகக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் ஆட்டமே.

அத்தானுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, பித்துப் பிடித்துவிட்டது. மனிதர் நல்ல விவசாயி. ஆனால் அதுநாள் வரை டார்ச் லைட்டுக்கு பேட்டரி மாற்றக்கூட ஆள் கூப்பிட்டவர். அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெறும் காற்றில் விரலைத் திருகிக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு பயமாகத்தான் இருக்கும். "யாரும் கிட்டப் போகாதீங்க, இன்ஜின் எறக்குறாரு" என்பாள் அக்கா.

எனக்கு அந்த விளையாட்டைவிட, அதை விளையாடியவர்கள் எழுதியிருந்த கருத்துகள்தான் பிடித்திருந்தன. எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதியதை, போனில் தமிழாக்கிப் பேப்பர் படிப்பதுபோல அத்தான் தினமும் படிப்பார். "ஆபீஸில் திட்டு வாங்கிவிட்டு வந்து இதை விளையாடினால் மனசு ஆறுகிறது" என்று ஒருவர். "சுத்தியல் கொடுத்திருக்கலாம்" என்று ஒருவர். அவருக்கு யார்மேல் என்ன கோபமோ? "எதை எப்படித் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பிடித்திருக்கிறது" என்று ஒரு பெண். அதற்குத்தான் ஏகப்பட்ட லைக்.

"இவன் என்னடான்னா மெதுவாப் போவுதுன்னு ரெண்டே ஸ்டார் போட்டிருக்கான். கழட்டுறதுன்னா மெதுவாத்தான் போவும். அறிவு வேணாம்?" என்று முகம் தெரியாத எவனோ ஒருவன்மேல் அத்தானுக்குக் கோபம் வரும்.

"நீங்களும் எழுத வேண்டியதுதானே அத்தான்?"

"எழுதுவேன்மா. இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டு எழுதணும்."

அந்தக் 'கத்துக்கிட்டு' என்ற வார்த்தையில் நான் உஷாராகியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் திறந்தாகிவிட்டது என்று டிவியில் பூப்போட்டுக் காட்டுகிறார்கள். அது கடைமடையில் இருக்கிற அக்கா வயலுக்கு வந்து சேர வேண்டுமே? அதுவரை நாற்றங்காலுக்குப் போர்வெல் தண்ணீர்தான் கதி. அந்த மோட்டாரோ நாலைந்து நாளாகக் கரகரவென்று சத்தம் போடுகிறது. மெக்கானிக் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடிக்கிறார்.

வயல் மோட்டாருக்கு மூணு ஃபேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். எப்போது வரும் என்று காத்துக்கிடக்க முடியாமல், எல்லோரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அத்தான் வைத்திருப்பது இன்னும் புதுசு. உள்ளே சிம் கார்டு போட்டது. கரண்ட் வந்ததும் அத்தான் போனுக்குக் கூப்பிட்டு ஒரு பெண் குரல் தகவல் சொல்லும்.

காலையில் நானும் அக்காவும் அடுப்படியில் உட்கார்ந்து, அதிராம்பட்டினத்தில் வாங்கிவந்த இறாலை உரித்துக்கொண்டிருந்தோம். சார்ஜில் கிடந்த அத்தான் போன் அடித்தது. அக்கா புறங்கையால் தள்ளிக் காதில் இடுக்கி, ஒரு நொடி கேட்டுவிட்டு கட் பண்ணினாள்.

"யாருக்கா?"

"கரண்ட்காரிதான். கரண்டு வந்துடுச்சாம். ஒரு நாளைக்கு நாலு வாட்டி கூப்பிட்டு உசுர வாங்குறா."

நான் அடுத்த இறாலை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. சற்று முன்பு அத்தான் கொல்லைப் பக்கமாகப் போனாரே... கையில் ஏதோ பை இருந்ததே?

"அக்கா, அத்தான் ஸ்பேனர் பையை எடுத்துக்கிட்டு எங்க போனாரு?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கரண்ட்காரி கூப்பிட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் மோட்டார் ஓடும் என்று கேட்டேன். "அவருதான் செட் பண்ணாரு, எனக்கு என்னடி தெரியும்?" என்றவள் இறால் கையோடு எழுந்து ஓடினாள். வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பு, அதைத் தாண்டி வயல். கத்தினால் கேட்கிற தூரம் இல்லை.

போனிலேயே மோட்டாரை நிறுத்தலாம் என்பது எனக்குத் தெரியும். எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாது. போனை எடுத்தால் லாக், புள்ளிகளை இணைத்துக் கோடு போட வேண்டும்.

"அக்கா, லாக்கு!"

தோப்புக்குள் இருந்து குரல் வந்தது. "ப போடுடி! 'ப' எழுத்து!"

விரல் முழுக்க இறால் ஈரம். முதல் தடவை கோடு சரியாக விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி 'ப' போட்டேன். திறந்தது. 'மோட்டார்' என்ற பெயரைத் தேடிக் கூப்பிட்டேன். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டேன். ரிங் போனது. அப்போதுதான் அந்த வணக்கம்.

"மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்..."

வயல் பக்கமிருந்து அந்தக் கரகர சத்தம் தோப்பைத் தாண்டிக் கேட்டது. மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது.

"மோட்டாரை நிறுத்த எண் இரண்டை..." என்று அவள் முடிப்பதற்குள் அழுத்திவிட்டேன். சத்தம் மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அத்தான் குரலும் இல்லை, அக்கா குரலும் இல்லை. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை... எல்லாச் சாமியையும் கூப்பிட்டபடி ஓடினேன்.

மோட்டார் ரூம் வாசலில் அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா அவர் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இருந்தன.

அத்தான் மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ஸ்க்ரூ கைதவறி விழுந்து வாசலுக்கு உருண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை விசிறியிலேயே செருகி வைத்துவிட்டு, அதைத் தேட வெளியே வந்து குனிந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் மோட்டார் ஓடியது. ஸ்க்ரூடிரைவர் பறந்துபோய் மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கொண்டு போயிருந்தது. அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"கரண்டுதான் இல்லையே... எதுக்கு ஃபியூஸைப் புடுங்கணும்னு விட்டுட்டேன்" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு போனை கட் பண்ணிட்டு இறால் உரிச்சுக்கிட்டு இருந்தேனே..." என்று சொல்லி, அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இறால் நாற்றத்தோடு மூன்று பேரும் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

தஞ்சாவூர் திரும்பும் பஸ்ஸில் அந்த விளையாட்டின் கருத்துகளை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். அதில் கரண்டே வராது என்று ஒருவராவது குறை சொல்லியிருக்கிறாரா? ஒருவரும் இல்லை. கரண்ட் இல்லாத பொருள் வேறு, கரண்ட் போயிருக்கிற பொருள் வேறு. இதை அவர்களுக்கு யார் சொல்வது? பாவம், அவர்கள் ஊரில் கரண்ட் போவதே இல்லையோ என்னவோ. நம் ஊரில் அப்படியா? இங்கே அணைந்து கிடக்கிற எல்லாமே எப்போது வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளக் காத்திருப்பவைதான்.

மெக்கானிக் திங்கட்கிழமை வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டார். நாற்றங்கால் பிழைத்துக்கொண்டது. அத்தானும் ஒருவழியாகத் தன் கருத்தை எழுதிவிட்டார். கயலுக்கு போன் போட்டு எப்படி ஏற்றுவது என்று கேட்டு, தமிழிலேயே போட்டிருக்கிறார்.

"விளையாட்டு நன்றாக இருக்கிறது. ஐந்து ஸ்டார் கொடுக்கலாம். ஒன்றைக் கழித்துக்கொள்கிறேன். எதைக் கழற்றப் போவதானாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று இதில் எங்கேயும் போடவில்லை."

இதுவரை அதற்கு விழுந்திருப்பது ஒரே ஒரு லைக் — அந்தக் கண்ணு டப்பாவை ஒரு தடவைகூட மாட்டிப் பார்க்காத என் அக்கா போட்டது.